ரெத்தினதாஸின் ஆயுத அலமாரி

போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கி முதல் பூட்டு வரை இருந்த இரும்பையெல்லாம் துருப்பிடிக்க வைத்த அலமாரியின் கீழ் இழுப்பறை, அதற்கு முன்பிருந்தே இறுகித்தான் இருந்தது. கொல்லம் ஆண்டு 1129, அதாவது 1954, ஆடி மாதத்து மழைக்காலை ஒன்றில் ரெத்தினதாஸ் அதில் விட எண்ணெய் கேட்டார். பாறசாலைக்குத் தெற்கே மாவறவிளை முக்கில் அவருக்குச் சைக்கிளும் தையல் மெஷினும் பழுது பார்க்கும் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் வீடு. மனைவி ராஜபாய் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எனக்க தலைக்கே எண்ணெ இல்ல. இதுக்க வாயில ஊத்தவா?" என்றாள்.

"தல சத்தம் போடாது புள்ளே. இது போடும்."

நனைந்த இடக்கையை அலமாரியின் இரும்புக் கதவின் உட்பக்கம் ஊன்றிக்கொண்டு, முட்டுக்காலால் கீழ் இழுப்பறையை ஓர் இடி இடித்தார். திறந்தது. வேண்டியதை எடுத்துக்கொண்டு, "வந்து பாப்போம்" என்று போனார்.

தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலங்கள் நடந்த காலம் அது. நெய்யாற்றின்கரையும் சேர்ந்துவிடும் என்று இந்தப் பக்கத்தில் பலர் நம்பினார்கள். ரெத்தினதாஸ் கூட்டத்துக்குப் போனதுமில்லை, எதிராகப் பேசியதுமில்லை. தையல் மெஷினுக்கு எல்லா பாஷையும் துணிதான் என்பார். அன்று ஊர்வலம் முக்கில் வந்து நின்றபோது அவர் ரோட்டின் மறுபக்கம் கனகதாஸின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். கனகதாஸ் அவருடைய சிநேகிதர். கொடி பிடிக்க வந்த இடத்தில் செயின் அறுந்துவிட்டது. எடுத்து வந்த ஸ்பேனர் அளவு சேரவில்லை. இந்த ஊரில் ஸ்பேனரும் ஆயுதம், உளியும் ஆயுதம், தேங்காய் உரிக்கும் பாரையும் ஆயுதம். வேலை செய்யும் எதற்கும் அதுதான் பெயர்.

"எலே கனகதாஸே, ஓடிப்போயி அலமாரியில இருந்து நல்ல ஆயுதமாப் பாத்து எடுத்துட்டு வா!"

வடக்கேயிருந்து புதிதாக வந்திறங்கிய போலீஸ்காரர்களுக்கு அவ்வளவு இரைச்சலில் அந்த ஒரு சொல்தான் புரிந்தது. ரெத்தினதாஸைச் சுட்டார்கள். கனகதாஸ் கடைவாசலில் ஸ்பேனரோடு நின்று பார்த்தார். உடலை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; எங்கே புதைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே ஆயுதம் இருந்ததால் அலமாரியையும் கொண்டு போனார்கள்.

அவருடையது என்று எதையாவது மண்ணில் வைத்து, மேலே ஒரு சிலுவை நட வேண்டும். ராஜபாய்க்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். உடல் இல்லாமல் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட முறையில்லை என்றார் உபதேசியார் நேசமணி. வேட்டியை வைக்கலாமா என்று கேட்டாள். உடுப்பைப் புதைக்கும் வழக்கம் சபையில் இல்லை என்று சொல்லி, அவளைவிட அதிகமாக அழுதுவிட்டுப் போனார்.

ஸ்டேஷனில் முதலில் கைவிலங்குகள் துருப்பிடித்தன. பிறகு துப்பாக்கிகள். லாக்கப் கம்பிகள் அவல் மாதிரி உதிர்ந்ததால், உள்ளே கிடந்த கோழித் திருடன் ஒருவன் அனுமதி கேட்டுக்கொண்டே வெளியேறி வீட்டுக்குப் போனான். ஓணத்துக்கு முன் அலமாரியைக் காளைவண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். வந்து சேர்வதற்குள் வண்டிச் சக்கரத்தின் பட்டையும் பொடிந்துவிட்டது.

கடை திறந்தால்தான் கஞ்சி. ராஜபாய் இழுப்பறைகளை உருவி வெயிலில் வைத்தாள். புளித்த கஞ்சித்தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, தேங்காய்த் தும்பில் செங்கல்பொடி தொட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைத்தாள். உளியும் அரமும் திருப்புளியும் ஒவ்வொன்றாக நிறம் தெளிந்தன. கழுவிய தண்ணீர் ஓடிய இடத்தில் நின்ற பேயன் வாழைகள் அடுத்த முறை சிவப்புச் செந்துளுவன் குலை தள்ளின. அவற்றை அக்கம்பக்கத்தார் சாதாரணமாகத் தின்றார்கள். எல்லாத் துருவும் போயிற்று. கதவின் உட்பக்கம் இடக்கை ஒன்றின் அடையாளம் மட்டும் போகவில்லை. ஐந்து விரலும் ரேகையுமாகத் துருவிலேயே பதிந்திருந்தது. சுண்டுவிரலில் பழைய அரம் கிழித்த தழும்பும் இருந்தது.

கனகதாஸ் வந்து பார்த்தார்.

"மைனீ, இந்தத் தகட்ட வெட்டி எடுத்துருவோம். இத வச்சா உபதேசியாரு என்ன சொல்லுவாரு?"

உபதேசியாரும் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கை உடம்புதான் ஆக்கும். போதும்" என்றார். கனகதாஸ் உளியை எடுத்தார். அப்போதுதான் ராஜபாய் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். உடனே உளியைப் பிடித்துக்கொண்டாள்.

"சூடு உண்டு. சூடுள்ள கைய ஆராவது குழியில வைப்பாவளா?"

உபதேசியார் தொட்டுப் பார்த்தார். "அதுவும் முறையில்ல" என்றார்.

ஐம்பத்தாறில் எல்லை களியக்காவிளையில் விழுந்தது. மாவறவிளை தமிழ்நாட்டில் சேராமல் இந்தப் பக்கமே நின்றது. கனகதாஸ் அந்தப் பக்கம் குடிபோனார். ராஜபாய் தையல் மெஷின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டாள். பாலராமபுரத்திலிருந்துகூடத் தலையில் சுமந்து கொண்டுவந்தார்கள். தினமும் அலமாரியைத் திறந்ததும் கதவில் கை வைத்துப் பார்ப்பாள். வருடத்துக்கு வருடம் சூடு கொஞ்சம் குறைந்தது. பதிந்த கையின் விரல் கணுக்கள் தடித்தன. வாதம் என்று நினைத்து, மழைக்காலத்தில் தைலம் போட்டுத் தடவினாள். நடுவில் இரண்டு பேர் அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். புருஷன் இருக்கிறார் என்று காபி கொடுத்து அனுப்பினாள்.

எழுபத்தொன்று ஆடியில் ஒரு காலை, கை சில்லென்று இருந்தது. ராஜபாய் கடையைச் சாத்திவிட்டுத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். கனகதாஸ் பஸ் பிடித்து எல்லை தாண்டி வந்து, ஒரு விரலும் சேதப்படாமல் தகட்டை வெட்டினார். நடக்க முடியாத நேசமணி உபதேசியாரை நாற்காலியோடு கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்தார்கள். கல் கொத்துபவன் இறந்த ஆண்டைக் கேட்டான். எழுபத்தொன்று என்றாள். சபையில் யாரும் திருத்தவில்லை.

கதவின் ஓட்டையில் வேறு தகடு வைத்துத் தறைந்து, பச்சைப் பெயின்ட் பூசினாள். அதன்பிறகு அந்த அலமாரியில் துரு வந்ததில்லை. கீழ் இழுப்பறை மட்டும் இன்றும் முட்டுக்காலால் ஓர் இடி இடித்தால்தான் திறக்கிறது.