மக்கான் ஆங்கின்

டாக்டர் ஞானேஸ்வரிக்கு இணைப் பேராசிரியராக இருந்து அலுத்துவிட்டது. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'இணை' போக வேண்டும். அதற்கு ஒரு தடைதான் மிச்சம். வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் அவருடைய முன்மாதிரிக் கிராமத்தை நேரில் பார்த்துத் தலையசைக்க வேண்டும்.

கிராமம் என்பது கட்டுரைகளில் மட்டும்தான். சாஆ என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் சில வரிசை வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே நிலைத்த சுற்றுலா வேரூன்றிய வரலாற்றை டாக்டர் பாலியிலும் லிஸ்பனிலும் நடந்த மாநாடுகளில் சொல்லியிருக்கிறார். சாஆவில் சொன்னதில்லை.

நான் அவருடைய ஆய்வு உதவியாளர். உயிரியல் படித்தவள். கட்டுரைகளுக்கு வரைபடம் போடுவது என் வேலை. கோடு எப்போதும் மேல்நோக்கிப் போக வேண்டும்.

சுற்றுலாப் பயணிகளுக்கென்று சொல்லப்பட்ட ஒரே விருந்தினர் அறை, அந்த ஊர்க்காரரான காளியம்மாவின் வீட்டில் இருந்தது. நாங்கள் காலையிலேயே போய்விட்டோம். டாக்டர் வாங்கிக் கொடுத்த பாத்திக் விரிப்பு, கட்டில்மேல் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது.

"மடிப்பு கலையக் கூடாதுன்னு சொன்னீங்களே டாக்டர்" என்றார் காளியம்மா.

"இப்ப பிரிச்சிருங்க. இன்னொண்ணு, அவர் வந்தா நீங்க தமிழ்லயே பேசணும். நான் மலாய்ல சொல்லிக்கிறேன்."

"எனக்குத்தான் மலாய் நல்லா வருமே."

"தாய்மொழியில பேசினாத்தான் சமூகத்தோட குரல் மாதிரி இருக்கும்."

"மலாய்ல பேசினா மட்டும் அது எவளோட குரலு?" காளியம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் விரிப்பை நீவிவிட்டேன்.

மதிப்பீட்டாளர் பேராசிரியர் ரொஸ்லான் பசியோடு வந்தார். தமிழ் தெரியாது. அறையை எட்டிப் பார்த்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கையில் எடுத்தார். விருந்தினர் வருகிறார்களா என்று மலாயில் கேட்டார்.

"விருந்தாளிங்க நிறைய வர்றாங்களான்னு கேக்குறாரு, காளியம்மா."

"எங்க வர்றாங்க? பிலிக் எப்பவும் கோசோங்தான்."

டாக்டர் மலாயில், "அறை எப்போதும் நிரம்பியிருக்கிறதாம்" என்றார்.

ரொஸ்லான் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். பிலிக் என்றால் அறை. கோசோங் என்றால் காலி. இரண்டும் அவர் அம்மா அவருக்குச் சொல்லிக் கொடுத்த சொற்கள்.

டாக்டர் கவனிக்கவில்லை. தமிழ் பூட்டிய கதவு என்று நம்பியிருந்தார். நாங்கள் பேசும் தமிழுக்குப் பாதிச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

"அப்படியென்றால் யார்தான் வருகிறார்கள்?" என்று ரொஸ்லான் கேட்க, டாக்டர் அதைத் தமிழில் திருப்பினார்.

"வேற யாரு? நீங்கதான் டாக்டர். வருசத்துக்கு ஒருக்கா யுனிவர்சிட்டி பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு மக்கான் ஆங்கின் வருவீங்க, போட்டோ புடிப்பீங்க, ஜேபி டவுனுக்கு ஓடிருவீங்க."

மக்கான் ஆங்கின், காற்றைத் தின்பது. உல்லாசமாக ஊர் சுற்றுவதற்கு மலாய்க்காரர்கள் சொல்வது. நாங்களும் அதைத்தான் சொல்வோம்.

"ஆய்வாளர்கள் ஆண்டு முழுவதும் இங்கே தங்கிப் பணியாற்றுகிறார்களாம்" என்றார் டாக்டர்.

"மக்கான் ஆங்கின்?" என்றார் ரொஸ்லான்.

டாக்டரின் முகம் வெளுத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"ஆங்கின்... காற்று. காற்றின் தரம் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது. லோஷினி அறிவியல் பட்டதாரி."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தவளைகளைப் பற்றித்தான் தெரியும். தலையாட்டினேன்.

காளியம்மாவால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அலமாக்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். திரும்பி வந்து, சுத்தமான மலாயில் ரொஸ்லானைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் கோழிக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டாக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

நான் ஓட்டிய கார் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டியது. பின்னிருக்கையிலிருந்து ரொஸ்லான்தான் பேச்சைத் தொடங்கினார்.

"ஞானா, அந்த அம்மாவை ஏன் பேச விட்டீர்கள்?"

டாக்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"என் முன்மாதிரி மீனவக் கிராமத்தில் நான் யாரையும் பேச விடுவதில்லை. காணொளி மட்டும்தான், பின்னால் இசை. அதற்கு மதிப்பீட்டாளராக உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். ஆகஸ்டில்."

டாக்டருக்கு மூச்சு திரும்பியது. கைபேசியை எடுத்து ஆகஸ்ட் மாதத்தைத் திறந்தார்.

"எந்தக் கிழமை, ப்ரோஃப்?"