மாப்புக் கேட்காத வாசல்

ஹஜ்ஜுக்குப் போகிறவன் செய்த பிழைக்கெல்லாம் ஊரெல்லாம் மாப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மனம் நொந்த ஒருத்தனை மிச்சம் வைத்துவிட்டுப் போனால் போற ஹஜ்ஜே பழுது என்று மருதமுனையில் சின்னப் பிள்ளையும் சொல்லும். சீனிமுகம்மதும் மூன்று நாளாகத் தெருத்தெருவாக ஏறி இறங்கினார். மீன்காரனிடம் கேட்டார். எப்போதோ ஏசிய பஸ் கொண்டக்டரைக்கூடத் தேடிப் பிடித்துக் கேட்டார். ஒரே ஒரு வாசலைத்தான் தாண்டிப் போனார். அது பக்கத்து வீட்டு நஜீமின் வாசல்.

நஜீம் பிறத்தியான் இல்லை, சகலன். அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே வளவைப் பிரித்துச் சீதன வீடு கட்டிக் கொடுத்ததால், இரண்டு மருமகன்மாருக்கும் நடுவில் ஒரு மதில்தான். நஜீமுக்குக் கார் திருத்துகிற வேலை. போன வருசம் அவன் பூட்டிக் கொடுத்த பட்டரி மூன்று மாதத்தில் செத்துப்போனது. "பழசுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி வித்த கள்ளன்" என்று சீனிமுகம்மது சத்தம் போட்டார். எங்கே வைத்து? ஜும்ஆ முடிந்து சனம் நிறைந்து நின்ற பள்ளி முற்றத்தில் வைத்து! அன்றோடு நஜீமின் கராஜுக்குக் கார் வருவது குறைந்தது. "அவன்தான் என்னட்ட மாப்புக் கேக்கணும்" என்று இவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

புறப்படுகிற நாள் காலை. இரவு கட்டுநாயக்கவில் விமானம். மற்ற ஹாஜிமாரோடு வேனில் போகச் சொன்னதற்கு, "நம்மட கார் இரிக்கக்குள்ள வேனில நெரிபட எனக்கென்ன விசரா?" என்று கேட்டவர் இவர். காரைக் கொழும்பில் மகன் பொறுப்பெடுப்பான் என்று ஏற்பாடு. வேன் சுபஹுத் தொழுகையோடு போய்விட்டது. வாசலில் வழியனுப்ப வந்த சனம். சீனிமுகம்மது எல்லாரையும் கட்டித் தழுவி, மனைவி முஸ்பிறாவை ஏற்றி, பிஸ்மி சொல்லித் திறப்பைத் திருகினார்.

டிக் என்றது. அவ்வளவுதான். பிறகும் திருகினார், பிறகும் டிக்.

ஓட்டோ கியர், தள்ளினாலும் எழும்பாது. கூலி வேனுக்கு நாலு இடம் போன் போட்டார். மத்தியானத்துக்கு முன்னால் ஒருத்தனும் வரமாட்டானாம். சேர்ட்டெல்லாம் வேர்வை. முஸ்பிறா இறங்கி மதிலடிக்குப் போனாள்.

"தம்பி நஜீம், ஒருக்கா இஞ்ச வாங்க!"

"ஆரக் கூப்பிடுறாய்? அவன்ட கை என்ட காரில படப்படாது!"

"அப்ப மக்காவுக்கு நடந்து போங்க" என்றாள் அவள். சனத்துக்குள் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

நஜீம் ஒரு பட்டரியும் வயருமாக வந்தான். சலாம் இல்லை. "பொனட்டைத் திறங்க, ஹாஜியார்." முந்தியெல்லாம் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். சீனிமுகம்மதுக்குச் சுருக்கென்றது.

"இதுவும் நான் வித்த பட்டரியா?"

"அக்கரைப்பற்றில வாங்கின."

"அப்ப அங்கயும் ஒரு கள்ளன் இரிக்கான்."

வயரைக் கொழுவியதும் என்ஜின் ஒரே திருகலில் எழும்பியது. அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். சீனிமுகம்மது கியரில் கை வைத்தார்.

"நில்லுங்க" என்றான் நஜீம்.

டிக்கியைத் திறந்து, போனில் வீடியோவைப் போட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து மூடினான். கொஞ்ச நேரத்தால் திறந்து, படத்தைச் சனத்துக்குக் காட்டினான். மூடின டிக்கிக்குள் லைட் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

"ராவு முழுக்க இது எரிஞ்சுதான் பட்டரியக் குடிச்சிரிக்கி." டிக்கிப் பூட்டுக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டுக் கிண்டினான். தூசியோடு நாலைந்து நெல்மணி அவன் கையில் விழுந்தது. லைட் சுவிச்சை இறுக்கிப் பிடித்திருந்தது அதுதான். "டிக்கியில நெல்லு ஏத்தினீங்களா?"

முந்தாநாள் பயண விருந்துக்கு இரண்டு மூட்டை நெல்லை மில்லுக்கு அந்த டிக்கியில்தான் கொண்டுபோனார். வந்து நின்றவர்கள் எல்லாரும் அந்தச் சோற்றைத் தின்றவர்கள்தான்.

"போன வருசம் பட்டரி செத்ததும் நெல்லு ஏத்தின அறுவடை நேரத்திலதான்" என்றான் நஜீம்.

சீனிமுகம்மதுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. கார் ஜன்னலால் தலையை நீட்டி மெல்லச் சொன்னார்: "மாப்புத் தா தம்பி."

"கார் தானா எழும்பியிருந்தாக் கேட்டிருப்பீங்களா?"

சீனிமுகம்மது தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கள்ளன் எண்டு ஊருக்கே கேக்கச் சொன்னீங்க. மாப்பை மட்டும் காதுக்குள்ள கேக்கிறீங்க. போற வழியிலதான் பள்ளி. மைக்கில சொல்லிட்டுப் போங்க, அதுக்குப் பிறகு பாப்பம்." வயரைக் கழற்றிச் சுருட்டினான். "ஒரு மணித்தியாலத்துக்கு என்ஜினை நிப்பாட்டாதீங்க. நிப்பாட்டினா எழும்பாது."

போய்த் தன் வீட்டுக் கேற்றை அடித்துச் சாத்தினான்.

கார் பள்ளியடிக்கு வந்தது. கேற் திறந்து கிடந்தது. பாங்கு சொல்லுகிற மோதினார் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். மைக்கைப் போடச் சொன்னால் உடனே போடுவார்.

"நிப்பாட்டுங்க" என்றாள் முஸ்பிறா.

"நிப்பாட்டினா எழும்பாதெண்டு அவன் சொன்னது கேக்கல்லியா?"

"என்ஜினைத்தான் நிப்பாட்ட வேணாமெண்டான். காரை இல்ல."

சீனிமுகம்மது மணியைப் பார்த்தார். "நேரமில்ல. வந்து பாப்பம்" என்று காலை அழுத்தினார். பள்ளி பின்னால் போனது.

முஸ்பிறா திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மினாரா மறைந்ததும் இவர் பக்கம் திரும்பினாள்.

"கஃபாவுக்கு முன்னால நிண்டும் இதையே சொல்லுங்க."