மூன்று வயது

மூணாறை அடுத்த மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்ப்பவர்களுக்குப் புதன்கிழமை மதியம் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும். ஜீப் ஓட்டும் அழகுமலைக்கு இங்கிலீஷில் பெரிய ஆசை கிடையாது. ஆனாலும் ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை. அறைகளைச் சுத்தம் செய்யும் புஷ்பமேரி அங்கே வருவாள்.

அவள் புருஷன் இறந்து ஆறு வருடம். மகன் மதுரையில் படிக்கிறான். ரிசார்ட்டில் எல்லோருக்கும் அவள் மேரியக்கா.

அன்றைக்கு ஜின்சி டீச்சர் டால், டாலர், டாலஸ்ட் என்று உயரத்தை ஒப்பிடும் சொற்களைப் பலகையில் எழுதினார். "ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து, உங்க ரெண்டு பேரையும் ஒப்பிட்டு ஒவ்வொரு வாக்கியம் சொல்லுங்க."

அழகுமலை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இத்தனை நாள் ஓரக்கண்ணால் பார்த்தவன், பாடத்துக்காக நேராகப் பார்த்தான். நெற்றியோரம் லேசாக நரைத்திருந்தது.

"ஐ யாம் டாலர் தேன் யூ" என்றான்.

"ஐ யாம் ஓல்டர் தேன் யூ" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மூணு வயசு மூப்பு. எல்லாரும் அக்காங்கிறாங்க, நீங்க மட்டும் ஒருநாளும் சொன்னதில்ல."

"வாய் வரல."

அவள் நோட்டை மூடினாள். "எனக்குத் துபாய்ல ஓட்டல் வேலை கெடச்சிருக்கு. அடுத்த மாசம் போறேன். பையன் படிச்சு முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

டீச்சர் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார். அதற்கப்புறம் பேசியது எதுவும் அழகுமலையின் காதில் விழவில்லை.

அவள் கிளம்பிய அன்று மேனேஜரிடம் கேட்டு, அவனே ஜீப்பில் மூணாறு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனான். பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு இறங்கும்போதுதான் சொன்னான்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்தாலும் நமக்குள்ள அதே மூணு வயசுதான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "போய்க் கூப்பிடுறேன்" என்று மட்டும் சொன்னாள்.

பத்து நாள் போன் வரவில்லை. பதினோராம் நாள், விருந்தினரை டேமில் இறக்கிவிட்டு ஜீப்பில் காத்திருந்தபோது அழைத்தாள். ஓர் அறையில் ஆறு பெண்களாம். வெளியே கால் வைக்க முடியாத வெயிலாம்.

"அங்க மழையா?"

"காலையிலருந்து விடல."

"போனைக் கொஞ்சம் வெளிய நீட்டுங்க. கேக்கணும்."

ஜன்னலைத் திறந்து கையை நீட்டினான். சட்டைக் கை முழங்கை வரை நனைந்தது. விருந்தினர் குடையோடு திரும்பி வரும்வரை அவன் கையை உள்ளே எடுக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை.