முழுச் சீர்கேடு

குருக்கள்மடத்துச் சீர்திருத்த சபையில், திருவிருந்துக்கு முந்தின வாரம் மூப்பர் வீடு வீடாக வருவார். ஆயத்தமா என்று கேட்பார். ஓம், ஆயத்தம் என்றால் ஜெபித்து, தேநீர் குடித்துவிட்டுப் போவார். இதுவரை எல்லாரும் ஓம் என்றே சொல்லியிருந்தார்கள்.

ஆர்த்திகா இல்லை என்றாள்.

மூப்பர் அழகரத்தினம் வேதாகமத்தை மூடினார். “ஏன் மகள்?”

“கஜானிட கடைக்குள்ள வெள்ளம் பூந்ததுதானே. எனக்குச் சந்தோசமா இருந்தது.”

கஜானியும் அதே சபைதான். களுவாஞ்சிக்குடியில் அவள் தையல்கடை போட்ட பிறகு, ஆர்த்திகா வீட்டில் தைத்துவந்த பள்ளிச் சீருடைகள் எல்லாம் அங்கே போய்விட்டன.

“சும்மா சொல்றா,” என்றான் கணவன் மதுஷன். “வெள்ளம் வடியுமட்டும் அவங்களுக்குச் சமைச்சுக் குடுத்தது இவதான்.”

“ஓம். சந்தோசமாத்தான் சமைச்சன்.”

“களைப்பு மகள்,” என்றார் மூப்பர். “உங்களப்போல நல்ல மனசு இஞ்ச ஆருக்கு இரிக்கு?”

“மனுசர் முழுக்கச் சீர்கெட்டவங்க, உள்ளுக்கு நல்ல இடமே மிச்சமில்ல எண்டு புதன்கிழமை வகுப்பில நீங்கதானே சொன்னீங்க?”

“அது உபதேசம், மகள்.”

இந்தச் சகோதரி அறியாமல் செய்த பிழைகளைப் பொறுத்தருளும் என்று அவர் ஜெபித்தார். ஆர்த்திகா ஆமென் சொல்லவில்லை. அவள் அறிந்தே மகிழ்ந்திருந்தாள். மன்னிப்பு யாரோ ஒரு நல்ல பெண்ணுக்குப் போய்விட்டது. ஞாயிறு திருவிருந்து அப்பமும் அந்தப் பெண்ணுக்குத்தான் நீட்டப்படும். அதைத் தான் எப்படி எடுப்பது?

மறுநாள் கடைக்குப் போனாள். கஜானி தையல் மெசினின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆர்த்திகா விஷயத்தைச் சொன்னாள்.

“தெரியும் அக்கா. சோறு கொண்டுவரக்க உங்கட முகம் கலியாண வீட்டு முகம்.”

“கோவமில்லையா?”

“கோவம்தான். சாப்பிட்டிட்டுக் கோவிச்சன்.”

ஆர்த்திகா அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தாள். தன்னைப் பற்றி ஒருவர் சரியாக நினைத்திருப்பது இவ்வளவு ஆறுதல் தரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“அப்ப ஞாயிறு நான் வரட்டா, விடட்டா?”

“வாங்க. நல்லவங்களுக்கு மட்டுமெண்டா நானும் வரேலாது. உங்கட தையல் பிரியுமெண்டு பள்ளிக்கூடப் பிள்ளையள்ர தாய்மாரிட்டச் சொன்னது நான்தான்.”

“என்ர தையல் எப்ப புள்ள பிரிஞ்சது?”

“பிரியாதுதான். அதாலதான் சொல்ல வேண்டி வந்தது.”

ஆர்த்திகா எழுந்து போனாள்.

ஞாயிறு ஆராதனையில், மிச்சமிருந்த ஒரே இடம் கஜானிக்குப் பக்கத்தில். ஆர்த்திகா அங்கே உட்கார்ந்தாள். அப்பத் தட்டு வந்தது. கஜானி ஒரு துண்டை எடுத்துவிட்டு, தட்டை அவள் பக்கம் நீட்டினாள். ஆர்த்திகாவுக்குக் கோபம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை.

எடுத்தாள்.