தேனீ வயிற்றில் சிவப்பு

1956 ஏப்ரல் 11, புதன்கிழமை காலை, மலாக்கா காஜா பேராங்கில் ஒரு வீட்டுக் கொல்லையில் இருநூற்றுப் பதினான்கு தேனீக்கள் செத்துக் கிடந்தன.

எண்ணியவர் கருணாகரன், நகரின் சுகாதாரப் பரிசோதகர். கூடு அவர் மனைவி சாரதாம்பாளுடையது. மகள் மல்லிகா தொண்டை அடைப்பானில் இறந்த ஆண்டு, எங்கிருந்தோ வந்த கூட்டம் கொல்லையில் கிடந்த பொந்து விழுந்த தென்னந்துண்டில் குடியேறியது. அறையை விட்டு வராமல் கிடந்த சாரதாம்பாள், அதைப் பார்க்கத்தான் முதலில் வெளியே வந்தாள்.

"எறும்பா?" என்று கேட்டாள்.

"எறும்பு இல்ல. அடையில புழுவும் இல்ல. எல்லாத்துக்கும் நாக்கு நீட்டிக்கிட்டு இருக்கு பாரு. விஷம்."

ஒன்றை எடுத்து வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து நசுக்கினார். சிவப்பாகக் கறை படிந்தது. இன்னும் ஐந்தை நசுக்கினார். ஐந்தும் சிவப்பு.

சாரதாம்பாள் கைக்குட்டையை வாங்கி முகர்ந்தாள். "எந்தப் பூவுலங்க சிவப்புத் தேன்? இது ரோஜா சர்பத்து."

அந்த வட்டாரத்தில் சர்பத்து விற்பது பூங்காவனம் ஒருத்திதான். முச்சந்தியில் தள்ளுவண்டி. மார்ச் மாதம் அங்கே ஒரு குழந்தையின் உதட்டில் தேனீ கொட்டிவிட்டது. இன்னொரு புகார் வந்தால் உரிமம் ரத்து என்று எச்சரிக்கை எழுதிக் கொடுத்தவர் கருணாகரன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவரைக் கண்டதும் பூங்காவனம் முந்தானையால் வண்டியைத் துடைத்தாள்.

"நல்லாப் பாருங்கய்யா. ஒரு தேனீ இருக்கா? நாட்டுக்கு அடுத்த வருசம்தான் மெர்டேக்காவாம், சுதந்திரமாம். என் வண்டிக்கு இப்பவே வந்துடுச்சு!"

"என்ன செஞ்சீங்க?"

வண்டிக்குப் பின்னால் மதில்மேல் இருந்த கோப்பித் தட்டைக் காட்டினாள். "சர்பத்துல கொஞ்சம் கரப்பான் மருந்து. நாலு நாளா வைக்கிறேன்."

அவர் தட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"தப்பாங்கய்யா?" அவள் குரல் இறங்கியது. "தேனீ வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். இனிமே மருந்து வைக்காதீங்க. பாட்டில்களை மூடி வைங்க, போதும்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். சாரதாம்பாள் தென்னந்துண்டின் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"மிச்சம் இருக்கிறது பிழைக்குமா?"

"கொண்டுவந்த சர்பத்தை அடையிலயும் சேர்த்திருக்கும். குஞ்சுக்கும் அதைத்தான் ஊட்டும்."

"அவளுக்கு எச்சரிக்கை எழுதும்போது நம்ம தேனீன்னு தெரியாதா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"எழுதித்தான் இருப்பேன். அந்தப் பிள்ளைக்குத் தொண்டை வரைக்கும் வீங்கிடுச்சு, சாரதா."

தொண்டை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் எழுந்து உள்ளே போனாள்.

ஏப்ரல் 20ஆம் தேதி துண்டுக்குள் உயிரோடு எதுவும் இல்லை. சாரதாம்பாள் உஜோங் பாசிரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். ஜூன் கடைசிவரை திரும்பவில்லை.