வாடிப்பட்டி வெயில்

எனக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரா. கொஞ்சுவது, சாமி கும்பிடுவது, சொந்தக்காரர்களைப் பற்றிப் புறணி பேசுவது எல்லாம் அதில்தான். சண்டை மட்டும் தமிழில். அவனியாபுரத்தில் எங்கள் தெருவுக்கே கேட்க வேண்டுமென்றால் அதுதான் தோது. அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் தாண்டிக் கேட்டிருக்கும்.

"எவ வச்சா இதை?"

வைத்தது மஞ்சள். கட்டைவிரல் அளவுக்கு, குழைத்து, பளிச்சென்று. இருந்த இடம் என் குவில்ட்டின் வெள்ளை ஓரம், வலதுபக்கக் கீழ்மூலை.

குவில்ட் என்றால் என்னவென்று எனக்கே நாலு வருஷத்துக்கு முன்னால் தெரியாது. மேலே துண்டுத் துணிகளைக் கோத்துத் தைத்த ஒரு படம், நடுவில் மெல்லிய பஞ்சுப் பாய், அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்ட வேண்டும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஜனகராஜுக்கு டவுனில் சுங்குடிச் சேலைக்கடை. கடையில் மிஞ்சுகிற வெட்டுத்துணியெல்லாம் என்னிடம் வந்துவிடும். கொண்டுவந்து போடுவார், அவ்வளவுதான். அதை வைத்து நான் என்ன செய்கிறேன் என்று உட்கார்ந்து பார்த்ததே இல்லை. "ஒட்டுத்துணி" என்பார். 'வேணி, உன் ஒட்டுத்துணிய எடு, இலை போடணும்.' பதினோரு குவில்ட் தைத்தேன். பதினொன்றும் ஒட்டுத்துணி.

போன வருஷம் சென்னையில் நடக்கிற குவில்ட் கண்காட்சிக்கு ஒன்று அனுப்பினேன். சும்மா அனுப்பினேனா? குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, மதுரையிலும் பரமக்குடியிலும் இருக்கிற அத்தனை சொந்தத்துக்கும் சொல்லி, தாம்பரத்தில் இருக்கிற என் தம்பியைக் குடும்பத்தோடு போய்ப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அவன் போனான். மண்டபம் முழுக்கத் தேடினான். என்னுடையது சுவரிலேயே இல்லை. கோடு போட்ட நீலப் பென்சில் அடையாளம் ஓரமாக இரண்டு இடத்தில் போகாமல் இருந்திருக்கிறது. கறையோ அடையாளமோ இருந்தால் தொங்கவிட மாட்டார்கள், விதி அப்படி. ஒரு சின்னச் சீட்டோடு பார்சல் திரும்பி வந்தது. இவர் சீட்டைப் படித்துவிட்டு, சரி போ, குளிருக்குப் போத்திக்கலாம் என்றார். மதுரையில் குளிர்! இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் வைராக்கியமாக வெள்ளை எடுத்தேன். வெள்ளைத் தரை, அதில் மெரூனும் கருநீலமுமாகச் சுங்குடி முக்கோணங்கள், அறுநூற்றுப் பன்னிரண்டு. பறவைக் கூட்டம் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பறக்கிற மாதிரி. ஒவ்வொரு துணியையும் உப்புத்தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் கழற்றி, பென்சிலே தொடாமல் நகத்தால் கோடு கீறி, எட்டு மாதம் தைத்தேன். பரிசெல்லாம் வேண்டாம். அந்தச் சுவரில் அது தொங்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சென்னையில் இருக்க வேண்டும். வியாழக்கிழமை மூன்று மணிக்குள் கூரியரில் போட்டால்தான் போய்ச் சேரும். இந்த நேரத்தில்தான் மஞ்சள்.

புதுத் துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். தீபாவளிச் சட்டைக்கு வைக்கலாம், கல்யாணப் புடவைக்கு வைக்கலாம். போட்டிக்குப் போகிற வெள்ளைக் குவில்ட்டுக்கு யாராவது வைப்பார்களா? எனக்குச் சந்தேகமே இல்லை. முதல்நாள் சாயங்காலம் நாத்தனார் சூடாமணி வந்திருந்தாள். அவள்தான் எதற்கெடுத்தாலும் மஞ்சளைக் குழைக்கிறவள். புது மிக்சிக்கே வைப்பாள்.

ஆத்திரத்தில் நானும் ஒரு காரியம் செய்தேன். சோப்பை எடுத்துத் தேய்த்துவிட்டேன். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். கை கேட்கவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்த இடம் ரத்தம் மாதிரி ஆகிவிட்டது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தண்ணீர் விட்டு அலசி, சிவப்பை மறுபடி மஞ்சளாக்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் கட்டைவிரல் அளவு இருந்தது இப்போது எலுமிச்சை அளவுக்குப் பரவியிருந்தது.

இனி வெயில்தான். மஞ்சள் கறையை வெயில் மாதிரி எதுவும் எடுக்காது. ஈரத்தோடு காயப்போட்டால் இரண்டு மணி நேரத்தில் இருந்த இடம் தெரியாது. மாடிக்கு ஓடினேன். கார்த்திகை மாதத்து வானம், ஈயச்சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. வருஷத்தில் பத்து மாதம் மனுஷனை வறுத்தெடுக்கிற ஊர், எனக்கு ஒரு மணி நேர வெயில் வேண்டுமென்றபோது கையை விரித்துவிட்டது. ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். இருப்புக் கொள்ளவில்லை. இவர் கடைக்குப் போகாமல் படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். ஏன் போகவில்லை என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பத்து மணிக்கு வாடிப்பட்டியிலிருந்து ஆனிமேரி போன் செய்தாள். மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், என்னைப் போலவே குவில்ட் பைத்தியம், இணையத்தில் பழக்கம். அனுப்பிவிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். நான் அழாத குறையாகச் சொன்னேன்.

"அடியே, இங்க வெயில் மண்டையப் பொளக்குது," என்றாள். "அம்புட்டுத் துணியும் காஞ்சு நான் மடிச்சே வச்சுட்டேன். கிளம்பி வா."

முப்பது கிலோமீட்டர். நான் செருப்பைத் தேடுவதற்குள் இவர் பைக்கைத் தெருவுக்கு இறக்கிவிட்டார்.

குவில்ட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வழி முழுக்க என் வாய் ஓயவில்லை. சூடாமணியின் புத்தி, அவள் வளர்ந்த விதம், அவளுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்த அண்ணன், எதையும் விடவில்லை. பரவை வரும்போது தூற்றல் போட்டது. மார்க்கெட்டுக்கு வந்த காய்கறி லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நான் அவர் முதுகில் குத்தினேன், ஆரன் அடிங்க, ஓரமாப் போங்க என்று. அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கச்சியை இப்படித் திட்டினால் எந்த அண்ணனும் ஒரு முறைப்பாவது முறைப்பான். இவர் ஹெல்மெட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை ஓட்டினார். சமயநல்லூர் தாண்டியதும் ரோடு காய்ந்து கிடந்தது. வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. சாமி, என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஆனிமேரி மொட்டைமாடியில் கோரைப்பாய் விரித்துத் தயாராக வைத்திருந்தாள். சாயம் வெளுக்காமல் இருக்க மற்ற இடமெல்லாம் போர்வை போட்டு மூடி, மூலையை மட்டும் வெயிலில் காட்டினோம். அவள் மோர் கொண்டுவரக் கீழே போனாள். மணி பன்னிரண்டேகால். இவர் ஒரு சொம்புத் தண்ணீரோடு மூலைக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டார். காயக் காய விரலால் தண்ணீர் தெளித்தார். நான் தெளிக்கிறேன் என்றாலும் விடவில்லை. வழுக்கை மண்டையில் வெயில் இறங்கி வியர்வை வழிந்தது.

எனக்கு நிற்க முடியவில்லை. மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிந்து பார்த்தேன். மஞ்சள் வெளிறிக்கொண்டுதான் வந்தது. அதைப் பார்த்ததும் கோபம் அடங்க வேண்டும் அல்லவா? எனக்கு அடங்கவில்லை. போனை எடுத்துச் சூடாமணியைக் கூப்பிட்டு, பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அவள் முதலில் என்ன ஏதென்று புரியாமல் திணறினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். உங்கள் துணியின் பக்கமே நான் போகவில்லை அண்ணி, போன தடவை கத்திரிக்கோலைத் தொட்டதற்கே நீங்கள் என்ன பாடு படுத்தினீர்கள் என்றாள். நடிக்காதே என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"அவள விடு," என்றார் இவர். தலை நிமிரவில்லை. "நான்தான் வச்சேன்."

என்ன என்றேன்.

"காலையில குளிச்சு விளக்கேத்தினேன். மடிச்சு வச்சிருந்தயில்ல, பக்கத்துல. கைல மஞ்சள் இருந்துச்சு, வச்சுட்டேன்."

"உங்களுக்கு அறிவு இருக்கா?"

"புதுத் துணி, ஊரு விட்டு ஊரு போகுது. வெறுமன அனுப்ப மனசு வரல."

ஏன் வீட்டிலேயே சொல்லவில்லை என்று கத்தினேன். சொல்லியிருந்தால் நீ என் வண்டியில் ஏறியிருக்க மாட்டாய், வாடிப்பட்டிக்கு நடந்தே வந்திருப்பாய் என்றார். அதில் பொய் இல்லை.

மேலே ஏதோ திட்ட வாயைத் திறந்தேன். புதுத் துணி என்றாரே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய துணிக்கு யாரும் மஞ்சள் வைப்பதில்லை. கிழிசலுக்கு, ஒட்டுப்போட்டதுக்கு வைப்பதில்லை. முப்பது வருஷமாகத் துணி விற்கிற மனுஷனுக்கு அது தெரியாதா? பதினோரு குவில்ட்டுக்கு வைக்காதவர் இதற்கு வைத்திருக்கிறார்.

"இம்புட்டு நாளா ஒட்டுத்துணின்னுதான சொன்னீங்க?" என்றேன்.

"ஆமா, சொன்னேன்." இன்னொரு விரல் தண்ணீர் தெளித்தார். "நேத்து நீ ஹால்ல விரிச்சுப் போட்டு நூல் வெட்டிக்கிட்டு இருந்த. நான் வாசல்ல நின்னு பாத்தேன். என் கடைத் துணின்னே எனக்கு அடையாளம் தெரியல, வேணி."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். இந்த ஆள் என்னைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னது என் சாம்பாரைத்தான். அவர் வைத்த மஞ்சளை அவரே தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் அழித்துக்கொண்டிருக்கிறார். நான் முப்பது கிலோமீட்டர் வைதுகொண்டு வந்து அவரை இதைச் செய்ய வைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். பைக்கில் வந்ததை விட்டால், காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணிக்கு மேகம் வந்து மூடியது. பரவையில் விட்டுவந்த அதே மேகம்தான், எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. மூலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். எலுமிச்சை அளவு இருந்தது போய்விட்டது. நடுவில், முதலில் அவர் விரல் பட்ட இடத்தில் மட்டும், லேசாக ஒரு மஞ்சள் நின்றது. மறுபடி மாடிக்கு வந்த ஆனிமேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தெரிகிறது, கண்ணுள்ளவர்கள் பார்த்தால் தெரியும் என்று உண்மையைச் சொன்னாள்.

இவர் எழுந்து மேற்கே பார்த்தார். "கொடைரோடு பக்கம் வானம் வெளுப்பாத்தான் இருக்கு. அரை மணி நேரத்துல போயிரலாம். ஒரு அரை மணி காயப்போட்டாப் போதும், மூணு மணிக்குள்ள இங்க வந்து கூரியர்ல போட்ரலாம். வா." சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

போகலாம்தான். போனால் சுத்தமாகப் போய்விடும். சுவரில் தொங்கும். தம்பி படம் எடுத்து அனுப்புவான். பரமக்குடிவரைக்கும் பார்ப்பார்கள். எட்டு மாதம் இதற்காகத்தானே இடுப்பு ஒடியத் தைத்தேன். போகாவிட்டால் போன வருஷம் மாதிரி ஒரு சீட்டு வரும். வாட்ஸப்பில் ஆளாளுக்கு விசாரிப்பார்கள். எழுந்து நின்றேன். மறுபடி குனிந்து அந்த மூலையைப் பார்த்தேன்.

"வேண்டாங்க," என்றேன்.

"திருப்பி அனுப்பிருவாங்கடி."

"அனுப்பட்டும்."

நான் மடிக்க ஆரம்பித்தேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மறுமுனையைப் பிடித்தார். இருபத்து நாலு வருஷத்தில் சேலை மடிக்கக்கூட என்னோடு பிடிக்காத கை அது. கடைக்காரர் கை, ஓரத்தோடு ஓரம் பிசகாமல் சேர்த்து மடித்தது. வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கூரியர் கடையில் நானே பார்சலை ஒட்டி, நானே விலாசம் எழுதிக் கொடுத்தேன். ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

முதலில் சூடாமணிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் பதிலுக்கு என்னை நாலு வார்த்தை கேட்டாள். வாங்கிக்கொண்டேன். பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். சமயநல்லூர் வந்தது. மழை பிடித்துக்கொண்டது. அவர் எங்கேயும் ஒதுங்கவில்லை, நானும் ஒதுங்கச் சொல்லவில்லை. அவர் காதுக்குக் கேட்கட்டும் என்று முன்னால் குனிந்தேன்.

"ஏங்க," என்றேன். "அடுத்ததுக்குப் பின்பக்கமா வைங்க."