தொட்டியைக் கழுவாத நாள்

நாளை ஊட்டியிலிருந்து ஆபீசர் வருகிறார் என்று பெரட்டில் சொன்னார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தக் கொட்டகையில் அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மாலையில் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள், கூடையை இறக்கிய கையோடு விளக்குமாற்றை எடுத்தார்கள்.

இலங்கையிலும் அப்படித்தான். தோட்டத்துத் தொரை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் முந்தின நாளே வாசல் மெழுகி, வடிகால் கானில் சுண்ணாம்பு தூவி, கிழிந்த துணியெல்லாம் உள்ளே ஒளிந்துகொள்ளும். பீலித் தொட்டியைத் தேய்க்காத லயத்தைப் பார்த்துத் தொரை முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பு ஒரு வருஷத்துக்கு ஊர்ப் பேச்சு. கப்பலேறி மண்டபம் முகாமில் கிடந்து, குன்னூருக்குக் கீழே இந்தக் கம்பெனித் தோட்டத்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. பழக்கம் மட்டும் அவர்களோடு கப்பலேறி வந்திருந்தது.

தெய்வம்மா தொட்டிக்குள் இறங்கினாள். மலையிலிருந்து இரும்புப் பீலி வழியாக ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் சிமிண்டுத் தொட்டி அது. இருபது வீடுகளும் அதைத்தான் குடித்தன. அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கருப்புச் சேறு. அவளும் சின்னம்மையும் ஐந்து கூடைச் சேற்றை வாரி முட்டைக்கோஸ் பாத்தியில் கொட்டினார்கள். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். இருட்டுவதற்குள் சிமிண்டு பளிச்சென்று வெளுத்துவிட்டது.

"இப்ப வரட்டும்டி ஆபீசர்," என்றாள் சின்னம்மை. "முகம் பாத்துத் தலை சீவிட்டுப் போகட்டும்."

தெய்வம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பிறகு தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ஆபீசர் வந்ததே அவள் கொடுத்த மனுவினால்தான்.

தை மாதம் அவள் மகள் பொன்னாயிக்கு முதல் தடவை இழுப்பு வந்தது. ஏழு வயது. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தவள் சரிந்து விழுந்தாள். கண் மேலே சொருகியது. கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. தோட்டத்துக் கம்பவுண்டர் லூயிஸ் காக்காய் வலிப்பு என்றான், தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்றான். அவள் காய்ச்சிக் கொடுத்தாள். பத்து நாளில் மறுபடி வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குன்னூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இரண்டே கேள்வி கேட்டாள்.

"தோட்டத்துல பூச்சி மருந்து அடிக்கிறாங்களா? குடிதண்ணி எங்கேருந்து வருது?"

அடிக்கிறார்கள். மழையில்லாத மாதங்களில்தான் அடிப்பார்கள். அடிக்கிறவர்களில் ஒருவன் அவள் புருஷன் வடிவேல். டிரம்மில் மருந்தை ஊற்றித் தண்ணீர் விட்டால் பால் மாதிரி வெளுக்கும். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று ஊற்றுக்கு மேலேயே கலக்கச் சொல்லியிருந்தார்கள். காலி டின்களை அங்கேயே அலசச் சொல்லியிருந்தார்கள்.

"அப்ப காய்ச்சி என்ன பிரயோசனம்? காய்ச்சினா தண்ணிதான் குறையும். மருந்து குறையாது," என்றாள் டாக்டரம்மா. தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி ஊட்டிக்கு மனுவை அவளே எழுதினாள். தெய்வம்மா கையெழுத்துப் போட்டாள்.

ஆபீசர் வந்தார். மருந்தடிப்பைப் பத்து நாளைக்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். பளிச்சென்றிருந்த தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க," என்று பெண்களைப் பாராட்டினார். சின்னம்மைக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்துப் பெரட்டுக் கொட்டகைப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. நீர் குடிக்கத் தக்கது. தோட்டத்துப் பீல்டு ஆபீசர் மயில்சாமி, கோயமுத்தூர்க்காரர், அதை விரலால் தட்டிக் காட்டினார்.

"பாத்துக்கிட்டீங்களா தெய்வம்மா? தண்ணி தேனாட்ட இருக்குதாமா. புள்ளைக்கு வேற ஏதோ தோசமுங்க. கோயில்ல மந்திரிச்சுப் பாருங்க. சும்மா கம்பெனி மேல பழி போட்டுப்போடாதீங்க."

தெய்வம்மா தொட்டிக்குள் இறங்கிய தன் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து கூடைச் சேறு. தன் கையாலேயே வாரிக் கொட்டியிருக்கிறாள். திருடனைப் பிடிக்கப் போலீஸைக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் வருவதற்குள் அவன் காலடித் தடத்தைக் கூட்டி மெழுகி வைத்த வீட்டுக்காரி அவள்தான்.

அடுத்த வாரமே மருந்தடிப்பு தொடங்கியது. பங்குனி வெயிலில் பீலித் தண்ணீர் விரல் கனத்துக்கு இளைத்திருந்தது. பொன்னாயிக்குப் பள்ளிக்கூடத்தில் இழுப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய் நிறைய ரத்தத்தோடு அவளைத் தூக்கி வந்தார்கள். அடுத்த தடவை உயிர் தங்காமல் போகலாம் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னாள்.

தெய்வம்மா லீவு போட்டுவிட்டு ஊட்டி பஸ் ஏறினாள்.

ஆபீசர் பெயர் ஞானசீலன். கெட்டவர் இல்லை. நாற்காலி காட்டினார், டீ வாங்கிக் கொடுத்தார். அதனாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"என்னா பாத்தீங்க சார், அந்தத் தண்ணியில?"

அவர் ஒரு பாரத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். கட்டம் கட்டமாக இருந்தது. "நிறம், வாசனை, கலங்கல், வண்டல், கிருமி. எல்லாம் சரியா இருந்துதும்மா."

"மருந்துக்கு எந்தக் கட்டம்?"

ஞானசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"இல்லாட்டி எழுதிக்கிட வேண்டியதுதானே?"

"நானா எழுத முடியாது. மேலேருந்து வரணும். அதைச் சோதிக்கிற மிஷினும் இங்க இல்ல. தொழிலாளிக்கு நல்ல தண்ணி குடுக்கணும்னு சட்டம் இருக்கு. நல்ல தண்ணின்னா எதுன்னு கேட்டா, நான் இந்தக் கட்டத்தைத்தான் காட்டணும்."

"மருந்தக் கலக்குற எடத்தையாவது வந்து பாத்தீங்களா?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம் என்றால் பெரிய கண் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கு அழுக்கு மட்டும்தான் தெரியும். பால் மாதிரி வெளுத்து ஓடும் சாவு அதன் கண்ணில் படாது. தவளை மிதந்தால் படும், சாணி கலந்தால் படும்.

"இந்த வண்டல், கிருமி இதெல்லாம் இருந்தா என்னா செய்வீங்க?"

"உடனே தொட்டிய மூடச் சொல்லுவேன். வேற தண்ணி குடுன்னு கம்பெனிக்கு உத்தரவு போடலாம். அந்த அதிகாரம் எனக்கு இருக்கு." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேறு தண்ணீர் இருந்தது. தொரை பங்களாவுக்கு மேலே சோலையிலிருந்து குழாய் வருகிறது. அங்கே தேயிலை இல்லை, மருந்தும் இல்லை. பங்களா கேட்டில் பூட்டு தொங்கும்.

"மறுபடி வாங்க சார்," என்றாள். "மனு எழுதித் தாறேன்."

பதினைந்து நாள் கழித்துப் பெரட்டில் அதே அறிவிப்பு வந்தது. நாளை ஆபீசர் வருகிறார். மாலையில் அதே விளக்குமாறுகள் வெளியே வந்தன. தெய்வம்மா முந்திக்கொண்டு போய்த் தொட்டிக் கரையில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னைக்குக் கழுவக் கூடாது."

சின்னம்மை இடுப்பில் கை வைத்தாள். "ஏன்டி? உனக்குப் பேய் பிடிச்சிருச்சா? பாசிய பாரு, தலைமுடி மாதிரித் தொங்குது. ஆபீசர் காறித் துப்புவான்."

"துப்பட்டும் அக்கா."

"துப்பட்டுமா? சிலோன்ல, பொகவந்தலாவையில வெள்ளைக்காரத் தொரையே என் வாசலுக்குக் கால் சப்பாத்தக் கழட்டிட்டு வந்தான்டி. என்னை இப்ப பீயும் சேறுமா நின்னு காட்டச் சொல்றியா?"

தெய்வம்மா கட்டங்களைப் பற்றிச் சொன்னாள். மெதுவாகத்தான் தொடங்கினாள். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. "நம்ம புள்ளைக சாவுறது அவங்க தாள்ல ஏறாது அக்கா. நம்ம அழுக்கு ஏறும். போன தடவை நம்மளே தேய்ச்சுக் குடுத்தோம். நல்லாத் தேய்ச்சோம். இப்ப பொன்னாயி நாக்குல தையல் போட்டிருக்கு."

சின்னம்மை விளக்குமாற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பேரன் இரண்டு நாளாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"அப்படின்னா என் ஆட்டையும் கொண்டாந்து கட்டுறேன்," என்றாள் கடைசியில். "தாள்ல அதுவும் கையெழுத்துப் போடட்டும்."

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஆடும் வந்தது.

விடிந்ததும் மயில்சாமி இரண்டு ஆட்களோடு வந்தார். ஒருவன் கையில் பிளீச்சிங் பவுடர் வாளி. இன்னொருவன் கையில் நீளப் பிரஷ். பிரஷ் வைத்திருந்தவன் வடிவேல்.

"ஏனுங்க, என்னங்க இது கூத்து? எந்திரிங்க. ஒம்பது மணிக்கு ஜீப் வந்துரும்."

"கழுவ மாட்டோம்ங்க."

"நீங்க கழுவ வேண்டாம், இவனுக கழுவிக்குவானுக. அக்கட்டால போங்க." அவர் வடிவேல் பக்கம் திரும்பினார். "உன்ற சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போப்பா. இல்லீன்னா நீயும் நாளைக்குப் பெரட்டுக்கு வர வேண்டாம். சிலோனுக்கே திரும்பிப் போயிக்கலாம்."

வடிவேல் இரண்டடி வந்தான். அவன் விரல் இடுக்குகளில் மருந்து பட்டுத் தோல் உரிந்திருந்தது. தெய்வம்மா எழுந்திருக்கவில்லை.

"கலக்குன கையாலயே கழுவவும் போறியா?" என்றாள். "கழுவு. உன் மகளையும் கூட்டியாறேன். குளிப்பாட்டி வச்சிட்டுப் போ."

அவன் முகம் கறுத்தது. அடிப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் பிரஷை மயில்சாமியின் கால் பக்கத்தில் கீழே போட்டான். தொட்டிக் கரையில், பெண்களுக்குச் சற்றுத் தள்ளி, தலையைக் குனிந்து உட்கார்ந்தான்.

ஜீப் வந்தபோது மயில்சாமி ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார். அது போவதாக இல்லை.

ஞானசீலன் தொட்டியைப் பார்த்தார். பாசி, புழுக்கை, அடியில் கருப்புச் சேறு. பிறகு தெய்வம்மாவைப் பார்த்தார். அவர் புரிந்துகொண்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. பாட்டிலை ஆழமாக அமுக்கி, கலங்கலோடு நிரப்பி மூடினார்.

உத்தரவு வந்தது. கம்பெனி பங்களாக் குழாயிலிருந்து லயத்துக்கு ஒரு கிளை போட்டது. வடிவேலைப் பத்து நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மருந்தடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை.

குழாய் திறந்த அன்று மயில்சாமி பெரட்டில் ஒரு நோட்டீஸை உரக்கப் படித்தார். தொழிலாளர்களின் சுகாதாரமற்ற பழக்கங்களால் தொட்டி நீர் கெட்டுவிட்டது. நிர்வாகம் அவர்கள் நலன் கருதி, தன் சொந்த விருப்பத்தின் பேரில் புதிய குழாய் அமைத்துத் தருகிறது. இனியாவது தொழிலாளர்கள் சுத்தமாக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

படிக்கப் படிக்கச் சின்னம்மையின் கன்னம் துடித்தது. பொகவந்தலாவைத் தொரை சப்பாத்தைக் கழற்றிய வாசல்காரி அவள். தெய்வம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் குழாயை மூடிவிடுவார்கள். இருவரும் அந்தப் பழியை விழுங்கினார்கள்.

அன்று மாலை பொன்னாயி குழாயில் வாய் வைத்துக் குடித்தாள். தெய்வம்மா அவள் தொண்டையையே பார்த்தபடி நின்றாள். பிறகு பீலியைப் பார்த்தாள். யாருக்கும் வேண்டாத அந்தத் தண்ணீர் தொட்டி நிரம்பி வழிந்து, கானில் இறங்கி, சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே இரண்டாம் டிவிஷன் லயம். அங்கே பதினாறு வீடு. அங்கேயும் இந்தத் தண்ணீர் போய் விழும் ஒரு தொட்டி.

"இன்னைக்கும் அங்கதான் கலக்குனியா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"அங்கதான். வேற எடம் சொல்லலியே."

ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டீஸின் ஒரு பிரதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினாள். இரண்டாம் டிவிஷன் தொட்டிக்குள் ஒருத்தி சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி நின்று, தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெய்வம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானே மேல் லயத்து அழுக்குக்காரி? எங்க தொட்டியப் பாரு, கண்ணாடி மாதிரி."

தெய்வம்மா சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த நாரைப் பிடுங்கித் தூரப் போட்டாள்.

"உனக்கு எத்தனை புள்ளை?" என்றாள்.